ஓலை வீடு: அழகா, அடிமைச் சின்னமா?

யாழ்ப்பாணத் தீவகத்தைப் பற்றிப் பேசுவோரிடையே இன்று இரண்டு குரல்கள் கேட்கின்றன. ஒன்று, ஓலை வீட்டைப் போற்றும் குரல். "எங்கள் பாட்டன் பூட்டன் வாழ்ந்த வீடு எவ்வளவு குளிர்ச்சி! எவ்வளவு எளிமை!" என்று அது உருகுகிறது. உல்லாச விடுதியின் முற்றத்திலே ஓலை வேய்ந்த குடில் ஒன்றை நிறுத்தி, அதன் நிழலில் குளிர்பானம் பருகுவோருக்கு அதனையே பாரம்பரியம் என்று விற்கவும் செய்கிறது. மற்றது, ஓலை வீட்டை வெறுக்கும் குரல். ஓலைக் கூரை என்றாலே பின்தங்கிய நிலை. அக்கூரைகளில் ஒன்று குறையுந்தோறும் நாடு ஒரு படி முன்னேறிவிட்டது என்று அது கணக்கெழுதுகிறது.

இவ்விரு குரல்களும் ஒன்றையொன்று எதிர்ப்பன போலத் தோன்றும். ஆயினும் இரண்டும் வீட்டைத் தம் கையால் கட்டாதவர்களிடமிருந்தே பிறக்கின்றன. முன்னது கூரையைப் பார்க்கிறது. கூரையின் கீழ்க் கிடந்த மனிதனைப் பார்க்கவில்லை. பின்னது வறுமையைப் பார்க்கிறது. அந்த வறுமைக்குள்ளும் மனிதன் ஈட்டிய அறிவைப் பார்க்கவில்லை. ஓலை வெட்டியவனையும், வளை தூக்கியவனையும், தரை மெழுகியவளையும் இரண்டுமே மறந்துவிடுகின்றன. இக்கட்டுரை அந்த மறதிக்கு எதிராக எழுதப்படுவது.

எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, புங்குடுதீவு, ஊர்காவற்றுறையும் வேலணையும் அடங்கிய பெருந்தீவு ஆகியவை யாவும் தட்டையான சுண்ணக்கல் நிலங்கள். மலையில்லை, ஆறில்லை, வீட்டுக்கு மரம் தரும் பெருங்காடுமில்லை. உள்ளவை பனை, மண், முருகைக்கல், காற்று ஆகியவையே. ஆண்டின் நடுப்பகுதியில் சோளகம் தடையின்றி வீசும். ஐப்பசி கார்த்திகையில் வடகீழ்ப் பருவ மழை சாய்ந்து அடிக்கும். எஞ்சிய காலமெல்லாம் வெயில். இந்த நான்கு பொருள்களையும் இந்த மூன்று பகைகளையும் வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படிக் குடியிருப்பது? இக்கேள்விக்குத் தீவக மக்கள் பல தலைமுறைகளாகக் கண்ட விடைதான் ஓலை வீடு.

அந்த விடையைச் சற்று நுணுகிப் பாருங்கள். ஒரே கூரையின் கீழ் எல்லாவற்றையும் அடக்குவதற்குப் பதிலாக, முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் கொட்டில்களாக அமைத்தார்கள். படுப்பதற்கும் நெல்லும் பண்டமும் வைப்பதற்கும் ஒரு வீடு. சமையலுக்குத் தனியே ஒரு குசினி. வசதியுள்ள குடும்பமாயின் வருவோர் போவோர் இருப்பதற்கு ஒரு தலைவாசல். குசினி ஏன் தனியே நின்றது? அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்தால் எரிவது குசினியோடு நிற்க வேண்டும். ஆண்டு முழுவதற்குமான நெல்லும் உறங்கும் குழந்தைகளும் தப்ப வேண்டும் என்பதற்காக. தாழ்வாரம் ஏன் ஆள் குனிந்து புகும்படி அவ்வளவு பதிந்திருந்தது? காற்றுக் கூரையின் அடியிற் புகுந்து அதனைத் தூக்கிவிடாமலிருக்கவும், சாய்ந்தடிக்கும் மழை மண்சுவரைக் கரைத்துவிடாமலிருக்கவும். கூரை ஏன் அவ்வளவு சரிவாக எழுந்தது? ஓலை நனைந்து ஊறுவதற்கு முன்னரே நீர் வழிந்தோட வேண்டும் என்பதற்காக. குனிந்து புகுவது பணிவின் அடையாளம் என்று நமது பண்பாட்டுக் காவலர்கள் தத்துவம் பேசுவார்கள். கட்டியவனுக்குக் காற்றைத் தெரியும், அவ்வளவுதான்.

வளையும் கைமரமும் சலாகையும் பனையிலிருந்து வந்தன. எந்தப் பனையும் அதற்கு உதவாது. இளம் பனை உளுத்துவிடும். முற்றி வயிரமேறிய பனையே வேண்டும். பிளந்து, உள்ளிருக்கும் மென்மையான சோற்றியை நீக்கி, புறத்தே உள்ள கருத்த வயிரத்தை மட்டும் கொள்ள வேண்டும். மரத்தை நின்ற நிலையிலே பார்த்து அதன் வயதைச் சொல்லத் தெரிந்தவனே தச்சன். ஓலையை அளவறிந்து வெட்டவேண்டும். மிஞ்சி வெட்டினால் மரம் மெலிந்துவிடும். வெட்டிய ஓலையை மிதித்துப் படியவைத்து, அடுக்கிப் பாரமேற்றி, உலர்ந்தபின் தாழ்வாரத்தில் தொடங்கி முகடு நோக்கி, கீழ்வரிசையை மேல்வரிசை மூடும்படி வேய வேண்டும். ஊரார் இதனை வீடு மேய்தல் என்பர். ஆணி இல்லை, கட்டுத்தான். கட்டு, காற்றுக்குச் சற்றே நெகிழ்ந்து கொடுக்கும். சில ஆண்டுகளில் ஓலை உக்கிப்போனால் அதனை இறக்கித் தோட்டத்து மண்ணுக்கு உரமாகப் புதைத்தார்கள். கூரையாயிருந்தது அடுத்த போகத்தில் பயிராயிற்று. வீணானது எதுவுமில்லை.

நெடுந்தீவின் மதில்களையும் இங்கே குறிப்பிட வேண்டும். சாந்து ஏதுமின்றி, முருகைக்கல்லின் மேல் முருகைக்கல்லாக அடுக்கிய வேலிகள் அத்தீவு முழுவதும் ஓடுகின்றன. கல்லின் கரடான முகங்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இடைவெளிகள் காற்றை வடித்து விடுகின்றன. பழைய கோட்டையொன்று அதே தீவில் இடிந்து கிடக்கிறது. அதைப் பார்க்கப் படகேறி வருபவர்கள், குடியானவனின் வேலியைப் படமெடுத்துக்கொண்டு போகிறார்கள். கோட்டையைக் கட்டுவித்தவர் இன்னார் என்று பலகை சொல்லும். வேலியை அடுக்கியவர் யார் என்று கேட்பாரில்லை.

இது கட்டடக்கலை ஆகாதா? நமது இலக்கியப் பாடம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நெடுநல்வாடை அரண்மனை கட்டும் முறையை விரித்துரைக்கிறது. நாளும் திசையும் நோக்கி, நூல் பிடித்து மனை வகுத்தவரைக் கல்விமான்களாகவே போற்றுகிறது. பெரும்பாணாற்றுப்படை ஈந்தின் இலையால் வேய்ந்த எயினர் குரம்பையையும் காட்டுகிறது. ஆனால் அதனை வேய்ந்த கைக்குப் பட்டம் எதுவுமில்லை. இவ்விரண்டு பாட்டையும் நாம் வகுப்பில் நடத்துகிறோம். குரம்பை என்ற சொல்லுக்குப் பொருள் 'சிறு குடில்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு அடுத்த அடிக்குப் போகிறோம். அந்தச் சிறு குடிலிலிருந்து வந்த மாணவன் கடைசி வாங்கில் அமர்ந்திருக்க, அவன் தகப்பனுக்குத் தெரிந்த வித்தையைப் பற்றி அவனிடம் ஒரு வார்த்தை கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய குரம்பை இலக்கியம். இன்றைய குரம்பை இழிவு! இதுதான் நமது தமிழ்க் கல்வியின் இலட்சணம்.

இவ்வளவும் கேட்டதும் ஓலை வீட்டைப் போற்றுவோர் மகிழ்ந்திருப்பார்கள். அவர்கள் அவசரப்பட வேண்டாம்.

ஓலை வீட்டில் எல்லாரும் ஒரு காலத்தில் வாழ்ந்தார்கள் என்பது உண்மை. எல்லாரும் ஒரே விதமாக வாழ்ந்தார்கள் என்பது பொய். வசதி படைத்தவன் ஓலை வீட்டிலிருந்து நாற்சார் வீட்டுக்குப் போனான், ஓட்டுக்குப் போனான், சுண்ணச் சாந்துக்குப் போனான். பனையேறி ஓலை வெட்டியவன் போகவில்லை. அவன் ஏன் போகவில்லை? அவனுக்குப் பழைமையில் பற்று அதிகம் என்பதாலா? அவன் குடியிருந்த காணி அவனுடையதன்று என்பதால். அடுத்தவன் காணியில் கல்வீடு கட்ட எவன் துணிவான்? கட்டுவதற்கு எந்தக் காணிக்காரன் விடுவான்? இன்று எழும்பென்றால் இன்று எழும்ப வேண்டிய குடிக்கு, பிடுங்கித் தூக்கக்கூடிய கூரைதான் உரியது என்று சமூகம் விதித்திருந்தது. ஓலைக் கூரையின் 'தற்காலிகத் தன்மை'யை இன்று கட்டடக்கலை வல்லுநர் சிலர் சிலாகிக்கிறார்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தத் தற்காலிகத் தன்மை பல தலைமுறைகள் நீடித்தது!

வீடு அந்தஸ்தின் வேலியாக இருந்தது யாழ்ப்பாணத்தில் மட்டுமன்று. கண்டி இராச்சியத்திலே கைதியாக இருந்து தப்பிய ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியான தமது நூலிலே, அங்குள்ள சாதாரண குடிகள் மாடி கட்டவும், ஓடு போடவும், சுவருக்கு வெள்ளையடிக்கவும் அனுமதிக்கப்படவில்லை என்று எழுதிவைத்திருக்கிறார். ஓலைக் கூரை அங்கே அரசன் ஆணை. அதன் அழகைப் பற்றி அக்குடிகளிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்?

இன்னொன்றையும் நினைவுகூர்வோம். ஓலைக் கூரை எளிதில் எரியும். ஆதிக்கக்காரனுக்கு அது மிகவும் வசதி. தேநீர்க் கடையிலும் கோவிலிலும் சம உரிமை கேட்டு யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்கள் எழுந்த காலத்தை எண்ணிப் பாருங்கள். 1957இல் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் வந்தது. அது ஏட்டிலேயே கிடந்தது. 1966 அக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து புறப்பட்ட ஊர்வலம் அந்த மௌனத்தை உடைத்தது. அதன்பின் வந்த போராட்ட ஆண்டுகளில், உரிமை கேட்டவனுக்குக் கொடுத்த தண்டனைகளுள் அவன் குடிசைக்கு நெருப்பு வைப்பதும் ஒன்று. கடலுக்கு அப்பால் தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில், 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர், பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும், ஒரு குடிசைக்குள் ஒதுங்கியிருந்தபோது உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அந்த மேல் தட்டி, அந்த ஓலைக் கூரை, அந்தத் தாழ்ந்த வாசல், எல்லாம் அங்கும் இருந்தன. குடிசையின் அழகைப் பாட விரும்புவோர் அந்த இரவையும் சேர்த்தே பாட வேண்டும்.

ஆகவே, நாற்சார் வீட்டில் பிறந்து, கடல் கடந்த நகரமொன்றில் வாழ்ந்துகொண்டு, 'ஓலை வீட்டு வாழ்வு போயிற்றே' என்று கண்ணீர் விடும் நண்பரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: உங்கள் காணியின் கோடியில் ஓலைக் கொட்டிலில் இருந்த குடும்பத்துக்கு அந்த நிலத்துண்டை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா? 1990இலும் 1991இலும் போர் தீவகத்தைக் கலைத்தபோது எல்லாரும்தான் ஓடினார்கள். புங்குடுதீவிலே இன்று எத்தனையோ கல்வீடுகள் கூரை விழுந்து, நடுக்கூடத்தில் மரம் முளைத்து நிற்கின்றன. உறுதி உள்ளவனின் வீடு இடிந்தாலும் காணி அவனுக்காகக் காத்திருக்கிறது. உறுதியில்லாதவனுக்கு எது காத்திருக்கிறது? வலிகாமம் வடக்கிலிருந்து 1990இல் பெயர்ந்தவர்களுள், போர் முடிந்து பல ஆண்டுகளான பின்னரும் முகாம்களில் எஞ்சிக் கிடந்தோரில் பெரும் பகுதியினர் சொந்தக் காணியற்ற ஒடுக்கப்பட்ட மக்களே என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். நாடு 'மீள்குடியேற்றம்' என்று பேசியது. முதலில் குடியேறவே இடம் பெறாதவன் எங்கே மீள்வது?

இனி, மறுதரப்பாரிடம் வருவோம். ஓலை போகட்டும், நவீனம் வரட்டும் என்கிறார்கள். வரட்டும். எந்த நவீனம்? யாருடைய நவீனம்?

ஓலை போன இடத்தில் பெரும்பாலும் வந்தது அஸ்பெஸ்டஸ் தகடு. அதன் எல்லா வகைகளும் புற்றுநோய் விளைப்பவை என்று உலக சுகாதார நிறுவனம் கூறிவிட்டது. இலங்கை அரசும் 2018 தொடக்கம் அதன் இறக்குமதியைத் தடைசெய்வதாக அறிவித்தது. நடந்தது என்ன? 2017 டிசம்பரில், அத்தகட்டின் மூலப்பொருளை நமக்கு விற்கும் ருஷ்யா, இலங்கைத் தேயிலையில் ஒரு பூச்சி காணப்பட்டதாகக் கூறி அதன் இறக்குமதியை நிறுத்தியது. சில நாட்களிலேயே இலங்கை அரசு அஸ்பெஸ்டஸ் தடையைத் தள்ளிவைத்தது. தேயிலைக்கும் வழி திறந்தது. மலையகத்துத் தோட்டத் தொழிலாளி பறித்த கொழுந்தையும், தீவகத்து ஏழை உறங்கும் கூரையையும் ஒரே தராசில் வைத்து இரு அரசுகள் வியாபாரம் பேசின. பேசிய மேசையில் அவ்விருவரும் இல்லை. இந்தக் கூரையைத்தான் முன்னேற்றம் என்று நம்பச் சொல்கிறார்கள்.

அடுத்து உருக்கு வீடு. போரினால் வீடிழந்த வடக்கு கிழக்கு மக்களுக்கு 65,000 உருக்குப் பொருத்து வீடுகள் என்று 2015, 2016ஆம் ஆண்டுகளில் ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. ஆர்செலர் மித்தல் என்ற பன்னாட்டு உருக்கு நிறுவனத்திடம் அது ஒப்படைக்கப்படவிருந்தது. வீடொன்றின் விலை ஏறத்தாழ 21 இலட்சம் ரூபா. அதே வட கிழக்கில், 2012 முதல், பயனாளிகளே தம் வீட்டைக் கட்டிக்கொள்ளும் இந்திய உதவித் திட்டத்தில் வீடொன்றுக்கு வழங்கப்பட்டது ஐந்தரை இலட்சம் ரூபா. அத்தொகையும் போதாமையால் பல குடும்பங்கள் கடனில் விழுந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் கேள்வி இது: ஐந்தரை இலட்சத்துக்கு மேல் ஒரு சதமும் ஏழைக்குக் கொடுக்க இயலாதென்ற உலகம், நிறுவனம் ஒன்றுக்கு நாலு மடங்கு எப்படிக் கொடுக்க முன்வந்தது? வெயில் தேசத்தில் உருக்குச் சுவரா என்று மக்கள் கேட்டார்கள். அத்திவாரம் உறுதியில்லை என்று பொறியியலாளர் சொன்னார்கள். கல்லரிந்து, மரமறுத்து, சுவரெழுப்பி உள்ளூரிலே பல கைகள் பெறவேண்டிய கூலி கப்பலேறிப் போகும் என்று பொருளியலாளர் எச்சரித்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, அறிவித்த அளவில் அத்திட்டம் நிறைவேறவில்லை. ஓலை வீட்டுக்காரனின் மரபறிவை மூடத்தனம் என்றவர்கள், அந்த மூடர்கள் எழுப்பிய எளிய கேள்விகளுக்கு விடை சொல்ல முடியாது நின்றார்கள் என்பதை வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிடக்கூடும்: "அப்படியானால் ஏழை என்றென்றும் ஓலையின் கீழேயே கிடக்க வேண்டும் என்கிறீரா?"

இல்லை. ஆயிரந் தடவை இல்லை. ஓலைக்குள் பாம்பும் பூச்சியும் அடையும். மழைக்கு முன் மேய வேண்டுமென்ற கவலை, கூலியற்ற நாட்களிலும் குடும்பத்தை அரிக்கும். கிடுகு பின்னுவதும் சாணமிட்டு மெழுகுவதும் பெண்ணின் முதுகில் ஏற்றிய ஓயாத வேலை. அவ்வேலைக்கு எந்த வீட்டுக் கணக்கிலும் விலை எழுதப்பட்டதில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நமது வட கரையையும் அடித்தது; அத்தகைய புயலின் முன் மண்சுவர் நிற்பதில்லை. உறுதியான வீடு ஒவ்வொரு குடும்பத்தினதும் உரிமை. அதில் விவாதமில்லை.

விவாதம் வேறிடத்தில். வீட்டுப் பிரச்சினையை வீட்டை மட்டும் வைத்துத் தீர்க்க முடியாது என்று ஏங்கெல்ஸ் 1872இலேயே எழுதினார். காணி யாருடையது, உழைப்பு யாருடையது, முடிவு செய்யும் அதிகாரம் யாருடையது என்ற கேள்விகளை விட்டுவிட்டு, ஓலையா ஓடா என்று வாதிடுவது நோயை விட்டுச் சட்டையின் நிறத்தைப் பற்றி வாதிடுவதாகும்.

எகிப்திய கட்டடக்கலைஞர் ஹசன் பத்தியின் அனுபவம் இதற்குச் சான்று. 1940களின் பிற்பகுதியில் அவர் புதிய கூர்ணா என்ற கிராமத்தை மண் செங்கல்லாலே, நூபியக் கொத்தர்களின் பழைய வளைவு முறையிலே கட்டினார். உலகம் அதனைப் போற்றியது. ஆனால் எந்த மக்களுக்காக அது எழுந்ததோ அவர்களிற் பெரும்பாலோர் அங்கே குடிவர மறுத்தார்கள். அவர்களைப் பழைய ஊரிலிருந்து பெயர்க்க முடிவு செய்தது அரசு. அம்முடிவில் அவர்களுக்குப் பங்கில்லை. நல்ல கலைஞன், நல்ல பொருள், நல்ல நோக்கம் ஆகிய எல்லாம் இருந்தும் மக்களின் முடிவு இல்லாதபோது கிராமம் வெறிச்சோடியது. மறுபுறம், கேரளத்தில் லாரி பேக்கர் உள்ளூர்ச் செங்கல்லையும் சுண்ணத்தையும் உள்ளூர்த் தொழிலாளியின் கைத்திறனையும் கொண்டு, செலவு குறைந்த உறுதியான வீடுகளைக் கட்டிக்காட்டினார். மரபறிவும் நவீன அறிவும் பகையன்று. இரண்டையும் உழைப்பவன் கையில் சேர்ப்பதே பணி.

இப்பொழுது கேள்வி நம்மை நோக்கித் திரும்புகிறது. ஆசிரியராகவும் மாணவராகவும் இருக்கும் நம்மை நோக்கி. நாம் செய்யக்கூடியவை உண்டு. தீவகத்தில் ஓலை மேயத் தெரிந்த கைகள் குறைந்து வருகின்றன. போரின்போது காவலரண்களுக்காகப் பல இலட்சம் பனைகள் தறிக்கப்பட்டன. மரத்தோடு மரமறிந்த மனிதரும் மறைகிறார்கள். அவர்களிடம் போங்கள். ஒரு நாடாவும் ஒரு கொப்பியும் போதும். கூரையின் சரிவு என்ன, வளையின் நீளம் என்ன, எந்த மாதத்தில் ஓலை வெட்டினார்கள், எத்தனை பேர் எத்தனை நாளில் மேய்ந்தார்கள் என்று அளந்து எழுதுங்கள். ஆனால் அதோடு நில்லாதீர்கள். மேய்ந்தவனுக்கு என்ன கூலி கொடுத்தார்கள், எந்த வாசலில் அவனை நிறுத்தினார்கள், எந்தக் கிணற்றில் அவனை அள்ளவிடவில்லை, அவன் குடியிருந்த காணி யாருடையது என்பதையும் அதே கொப்பியில், அதே பக்கத்தில் எழுதுங்கள். முன்னதை மட்டும் எழுதினால் அது உல்லாச விடுதிக்கு விளம்பரமாகும். பின்னதை மட்டும் எழுதினால் ஒரு மக்களின் அறிவை நாமே புதைத்தவர்களாவோம்.

அந்தக் கொப்பியை வைத்துக்கொண்டு கோரிக்கையை எழுப்புவோம். குடியிருக்கும் நிலம் குடியிருப்பவனுக்கு வேண்டும். வீடமைப்புத் திட்டத்தின் முதற் பக்கத்தில் வீட்டுக்காரனின் சொல் இடம்பெற வேண்டும். கட்டும் வேலையும் அதன் கூலியும் உள்ளூர்க் கைகளுக்குப் போக வேண்டும். பனையையும் மண்ணையும் சுண்ணத்தையும் நமது பல்கலைக்கழகங்கள் அருங்காட்சிப் பொருளாக்காமல், நாளைய வீட்டுக்குரிய பொருளாக ஆராய வேண்டும். இவை நிறைவேறும் நாளில், தன் சொந்த நிலத்தில் நின்றுகொண்டு ஒரு தீவகத் தொழிலாளி ஓட்டைத் தேர்ந்தாலும் சரி, ஓலையைத் தேர்ந்தாலும் சரி, அது அவனுடைய வீடு. அன்று அதை அழகென்று சொல்ல நாமும் அவனுடைய முற்றத்தில் அமரலாம். அவன் வாருங்கள் என்று அழைத்தால்!